முதியவர்களின் தோள் முறிவு: பிளேட்டா, ரிவர்ஸ் மூட்டா?

(திரையில்: தோள் எக்ஸ்ரே)

மேற்கை எலும்பின் உச்சி இங்கே நான்காக உடைந்திருக்கிறது: உருண்டைத் தலை, பெரிய புடைப்பு, சிறிய புடைப்பு, கீழே தண்டு. 1 சென்டிமீட்டருக்கு மேல் விலகினாலோ 45 டிகிரிக்கு மேல் திரும்பினாலோதான் அதைத் தனித் துண்டு என்கிறோம். 1970-இல் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் (Neer) வகுத்த கணக்கு இது.

விலகாத முறிவுக்கு ஸ்லிங், அதாவது கையைத் தாங்கும் தொங்குபட்டை, போதும். விலகியிருந்தாலும் எல்லோருக்கும் கத்தி வேண்டாம். 2015-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 250 பேரில் அறுவை செய்தவர்களும் செய்யாதவர்களும் 2 ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஆனால் மூட்டும் சேர்ந்து நழுவியவர்கள் அதில் இல்லை. தலையே பிளந்திருந்தாலோ மூட்டு நழுவியிருந்தாலோ பெரும்பாலும் அறுவைதான். சி.டி. ஸ்கேன் இல்லாமல் முடிவெடுக்காதீர்கள்.

(திரையில்: பிளேட், ஸ்க்ரூ)

உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகப் பிளேட் ஏன் தோற்கிறது? மெலிந்த எலும்பில் உள்பக்கத் தாங்கல் இல்லாவிட்டால் தலை உள்நோக்கிச் சரியும். பிளேட்டோடு பூட்டிய ஸ்க்ரூ நகராது; அதன் முனை தலையைத் துளைத்து எதிரே உள்ள குழியைச் சுரண்டும். தலையோடு ஒட்டிய உள்பக்க எலும்பு 8 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்து, அந்த இடம் 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியும் இருந்தால் தலைக்கு ரத்தம் போவதும் சந்தேகம்.

உருண்டைத் தலையை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்று? கையைத் தூக்கித் திருப்பும் தசைநார்கள் புடைப்புகளில்தான் பிடித்திருக்கின்றன; அவை ஒட்டினால்தான் கை உயரும். வயதானவர்களுக்குப் புடைப்புகள் பல நேரம் ஒட்டுவதில்லை.

(திரையில்: ரிவர்ஸ் மூட்டு)

பிரான்சின் அறுவை மருத்துவர் பால் கிராமோன் 1980-களில் வடிவத்தைத் தலைகீழாக்கினார்: குழி இருந்த இடத்தில் பந்து, கை எலும்பில் கிண்ணம். சுழல் மையம் உள்ளேயும் கீழேயும் இறங்க, தோளை மூடியிருக்கும் டெல்டாய்ட் தசை மட்டுமே கையைத் தூக்கிவிடும். நார்வேயில் 65 முதல் 85 வயதுக்காரர்களிடம் நடந்த ஆய்வில், 2 ஆண்டு முடிவில் தோள் எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்பதற்கு ரிவர்ஸ் மூட்டுக்கு 100-க்கு 68 மதிப்பெண், பிளேட்டுக்கு 54.6. கடும் முறிவுள்ள 70 வயதுக்காரருக்கு எங்கள் தேர்வு பெரும்பாலும் இதுதான்.

புடைப்புகளை இதிலும் தைத்தே ஆகவேண்டும். விட்டால் கை மேலே போகும், ஆனால் வெளிப்பக்கம் திரும்பாது. தலை வாருவதே கஷ்டம். அறுவைக்கு முன்பே டெல்டாய்ட் இறுகுகிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டும். அதன் நரம்பு அடியோடு செத்திருந்தால் இந்த மூட்டு உதவாது.

விரலையும் மணிக்கட்டையும் முதல் நாளே அசைக்கலாம். தோளுக்குச் சுமார் 4 வாரம் ஸ்லிங். அதன் பிறகும் சில வாரங்களுக்கு நாற்காலிக் கையை ஊன்றி எழவே கூடாது. கிண்ணம் பந்திலிருந்து நழுவுவது பெரும்பாலும் அந்த அசைவில்தான். உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, நல்ல கைப் பக்கம் நின்று எழுப்பிவிடுங்கள்.