நிலவில் இறங்கிவிட்டோம், நாவிக் என்ன ஆயிற்று?

எல்லாருக்கும் வணக்கம்.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடம். சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. உலகில் வேறு எந்த நாடும் அதற்கு முன் அந்தப் பகுதியில் பத்திரமாக இறங்கியதில்லை. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். பிறகு 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்ற நாராயணன் குமரி மாவட்டத்துக்காரர். மகேந்திரகிரியில் இயந்திரங்களைச் சோதிக்கிறார்கள், குலசேகரப்பட்டினத்தில் புது ஏவுதளம் வருகிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், கைதட்டியும் இருப்பீர்கள். நானும் தட்டினேன். அதனால் இன்றைக்கு நான் நிலவைப் பற்றிப் பேசப் போவதில்லை. யாரும் கைதட்டாத ஒரு வேலையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். குமரி மாவட்டக் கடலோர ஊர்களான தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்கு ஆழ்கடல் போயிருந்தார்கள். கரையிலிருந்து சில கிலோமீட்டர் தாண்டினாலே கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. கரையில் எச்சரிக்கை இருந்தது, கடலில் இருந்தவர்களுக்கு அது போய்ச் சேர வழியில்லை. எத்தனையோ வீடுகளில் ஆட்கள் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகுதான் மீனவர் படகுக்கென்று ஒரு சிறு கருவி வந்தது. அது வானத்திலிருந்து புயல், பேரலை எச்சரிக்கையை வாங்கிப் பக்கத்தில் இருக்கும் கைப்பேசிக்கு அனுப்பும். சிக்னல் கோபுரமே வேண்டாம். அந்தச் செய்தியைக் கொண்டுவருவது நம்முடைய நாவிக் செயற்கைக்கோள்கள்.

நாவிக் என்பது இந்தியாவின் சொந்த இடங்காட்டும் ஏற்பாடு. அமெரிக்காவின் ஜிபிஎஸ் இருக்கும்போது நமக்கு எதற்குத் தனியாக என்று கேட்கலாம். ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலை அவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் பிசகாகத்தான் கொடுத்து வந்தார்கள். அடுத்தவர் கையில் இருக்கும் குழாயை அவர் எப்போது வேண்டுமானாலும் மூடலாம். அதனால்தான் ஏழு செயற்கைக்கோள்களோடு, இந்தியாவையும் சுற்றி 1,500 கிலோமீட்டரையும் பார்த்துக்கொள்ளும் ஒரு திட்டம் போட்டார்கள். முதலாவது 2013 ஜூலையில் போனது, ஏழாவது 2016 ஏப்ரலில்.

சிக்கல் எங்கே வந்தது? கடிகாரத்தில்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். செயற்கைக்கோள் உங்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: 'நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு.' அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து உங்கள் கைப்பேசி தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு, அதாவது ஒரு நானோ நொடி, பிசகினால் தூரத்தில் 30 சென்டிமீட்டர் பிசகும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர். எனவே ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் மிகத் துல்லியமான மூன்று ருபீடியம் அணுக்கடிகாரங்கள் வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கியவை. முதல் செயற்கைக்கோளில் மூன்றுமே சில ஆண்டுகளில் நின்றுபோயின. மற்றவற்றிலும் ஒவ்வொன்றாகக் கோளாறு. ஐரோப்பாவின் இடங்காட்டும் ஏற்பாடான கலிலியோவும் இதே கடிகாரத் தொல்லையைப் பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாற்று அனுப்பினார்கள். 2017 ஆகஸ்ட் 31-இல் ராக்கெட் ஒழுங்காகத்தான் கிளம்பியது. செயற்கைக்கோளை மூடியிருக்கும் வெப்பக்கவசம் திறக்கவில்லை. செயற்கைக்கோள் உள்ளேயே கழன்று, கூட்டுக்குள் அடைபட்டுப் போனது. 2018 ஏப்ரலில் இன்னொன்று போய்ச் சேர்ந்தது. அடுத்தது எப்போது? 2023 மே. ஐந்து ஆண்டுகள். அதே காலத்துக்குள் சீனா தன் இடங்காட்டும் ஏற்பாடான பெய்டோவின் புதிய தலைமுறையில் 30 செயற்கைக்கோள்களை 2020 ஜூனுக்குள் அனுப்பி முடித்துவிட்டது.

2023-இல் போனதில் அகமதாபாதில் நாமே செய்த ருபீடியம் கடிகாரம் இருக்கிறது. நிலவில் இறங்கியதற்குக் குறையாத சாதனை அது. உலகில் சில நாடுகளுக்குத்தான் கைவந்த தொழில்நுட்பம். ஆனால் 2025 ஜனவரி 29-இல் அதன் தம்பி போனபோது, ஸ்ரீஹரிகோட்டாவின் 100-ஆவது ஏவுதல் என்று கொண்டாடினோம். ராக்கெட் சரியாகக் கொண்டுபோய் விட்டது. அப்புறம் சுற்றுப்பாதையை உயர்த்தும் இயந்திரத்துக்கு, எரிபொருள் எரியத் தேவையான ஆக்சிஜனேற்றியை விட வேண்டிய வால்வு திறக்கவில்லை. செயற்கைக்கோள் நீள்வட்டப் பாதையிலேயே நின்றுவிட்டது.

சரி, மொத்தக் கணக்கு என்ன? 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது இது: அனுப்பியவை 11. இடம் காட்டுபவை நான்கு. செய்தி மட்டும் அனுப்புபவை நான்கு. இரண்டு உரிய பாதைக்குப் போகவில்லை. ஒன்று ஓய்வு பெற்றுவிட்டது.

நான்கு என்பது ஏன் கவலைக்குரியது? உங்கள் இடத்தைச் சொல்ல அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என்று மூன்று எண்கள் வேண்டும். உங்கள் கைப்பேசியின் கடிகாரம் மலிவானது, அதன் பிழை நான்காவது தெரியாத எண். நான்கு தெரியாத எண்களுக்கு நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். ஆக, நான்கு என்பது ஸ்டெப்னி இல்லாத கார். ஒன்று பழுதானால் வண்டி நிற்கும்.

இடம் காட்ட உதவாமல் போனாலும் செய்தி அனுப்பும் அந்த நான்கையும் நான் பெரிதாகவே மதிக்கிறேன். புயல் எச்சரிக்கைக்கு நானோ நொடிக் கணக்கு வேண்டாம். வள்ளவிளைப் படகுக்கு அவை போதும். ஆனால் அவையும் நிரந்தரமாக இருக்கப் போவதில்லை. பத்தாண்டு ஆயுள் என்று கணக்குப் போட்டு அனுப்பியவற்றில் முதலாவது 2023-லேயே பத்தைத் தாண்டிவிட்டது.

இவ்வளவு நடந்தும் நாட்டில் ஏன் கூச்சல் இல்லை? முதல் தலைமுறை நாவிக், சாதாரணக் கைப்பேசிகள் எல்லாம் கேட்கும் அலைவரிசையில் பேசவே இல்லை. 2023-இல்தான் அது சேர்க்கப்பட்டது. பயன்படுத்தாத பொருள் கெட்டுப்போனால் யாருக்கு வலிக்கும்? நிலவில் இறங்கும்போது கோடிப் பேர் பார்க்கிறோம், வால்வு திறக்காதபோது இரண்டு நாள் செய்தியோடு முடிந்துவிடுகிறது.

விஞ்ஞானிகளை நான் குறை சொல்லவில்லை. சொந்தக் கடிகாரம் செய்ய நேரம் பிடிக்கும், அது நியாயம். விண்வெளித் திட்டம் சாமானியனின் தேவைக்குத்தான் என்று விக்ரம் சாராபாய் அன்றே தெளிவாக வைத்த அடித்தளம் இது. இதில் எதற்கு முன்னுரிமை, எதற்குப் பணம், எதைத் தள்ளிப்போடலாம் என்று முடிவெடுக்கும் இடம் அரசு. கைதட்டல் எங்கே விழுகிறதோ அங்கேதான் அரசின் பார்வையும் போகும்.

அமெரிக்கா தன் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் எது வேலை செய்கிறது, எது நிற்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிடுகிறது. கலிலியோவுக்கும் அப்படியே. நமக்கு மேலே சொன்ன கணக்கு கிடைத்தது ஒரு உறுப்பினர் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டதால். உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்றைக்கு எத்தனை நாவிக் இடம் காட்டுகிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை கடிகாரம் ஓடுகிறது, அடுத்தது எந்த மாதம் போகிறது? இதைக் கேட்டுப் பதிலை வாங்கித் தரச் சொல்லுங்கள். நன்றி.