பலகையில் நடக்கும் சிறுமி

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாடு போனால் எல்லாரும் அரண்மனை, அருங்காட்சியகம் என்று பார்ப்பார்கள். நான் ரோட்டோரப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். கூட வந்தவர்கள் அடுத்த தெருவுக்கே போயிருப்பார்கள்.

இங்கிலாந்தில் பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்தில் ஒரு பலகை உண்டு. நம்மூரில் பார்க்கிற அதே சிவப்பு முக்கோணம்தான். உள்ளே கறுப்பு நிழலுருவமாக இரண்டு பிள்ளைகள். ஒரு சிறுமி, தன்னைவிடச் சின்னப் பையன் ஒருவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறாள். கவனியுங்கள், சிறுமிதான் முன்னால். ஏன் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், அதற்கு முந்தைய பலகையில் தொப்பி போட்ட பையன்தான் முன்னால் போவான், சிறுமி பின்னால் வருவாள்.

மாற்றியவர் மார்கரெட் கால்வெர்ட். தன் ஆசிரியர் ஜாக் கின்னியருடன் சேர்ந்து பிரிட்டனின் சாலைப் பலகைகளைப் புதிதாக வடிவமைத்தவர். 1965 ஜனவரியில் அவை நடைமுறைக்கு வந்தன. அந்தச் சிறுமி யார் தெரியுமா? கால்வெர்ட்டேதான். தன் சின்ன வயதுப் போட்டோவைப் பார்த்து வரைந்தாராம். அரசாங்கப் பலகை, நாடு முழுக்க நிற்கிறது, அதில் அவரே ஒரு பையனைப் பத்திரமாகக் கூட்டிப் போகிறார்! எனக்கு இது அலுக்கவே அலுக்காது.

மாடு குறுக்கே வரும் என்று எச்சரிக்கிற பலகையிலும் கதை உண்டு. வார்விக்‌ஷரில் அவருடைய உறவினர் பண்ணையில் இருந்த பசுவைப் பார்த்து வரைந்தது அது. பசுவின் பெயர் பேஷன்ஸ். ஏதோ ஒரு மாடு இல்லை பாருங்கள், பெயர் உள்ள மாடு.

அப்புறம், சாலை வேலை நடக்கிறது என்று சொல்லும் பலகை. மண் குவியலில் மண்வெட்டியைக் குத்திக்கொண்டு ஒருவர் நிற்பார். குடையை விரிக்க முடியாமல் திண்டாடுகிறார் என்று அந்த ஊர்க்காரர்களே கிண்டல் செய்வார்கள். ஒருதரம் இதைக் கேட்டுவிட்டால் பிறகு மண்வெட்டி கண்ணுக்குத் தெரியாது, குடைதான் தெரியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. பெர்லினைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். சரி, சுருக்கமாக. அங்கே நடந்து செல்பவர்களுக்கான சிக்னலில் தொப்பி வைத்த குட்டி மனிதர் ஒருவர் இருப்பார். 1961இல் கிழக்கு பெர்லினில் கார்ல் பெக்லாவ் உருவாக்கியவர். ஜெர்மனி ஒன்றான பிறகு அவரைக் கழற்றத் தொடங்கினார்கள், மக்கள் விடவில்லை. இப்போது மேற்குப் பகுதியிலும் அவர் இருக்கிறார். போனால் அவசியம் பாருங்கள். ரோட்டைக் கடக்கும்போது வேண்டாம், ஓரமாக நின்று பாருங்கள். நன்றி, வணக்கம்.