டிப்ளோமா முடித்தாயிற்று, வெள்ளவத்தையில் பலகை போடலாமா?

வணக்கம். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியதை முதலில் எடுக்கிறேன். அவர் எழுதியதை வாசிக்கிறேன்: "அக்கா, நான் ஒரு வருட உளவளத்துணை (கவுன்சலிங்) டிப்ளோமா முடித்திருக்கிறேன். வெள்ளவத்தையில் ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறேன். பலகை போட்டு ஆட்களைப் பார்க்க லைசன்ஸ் எடுக்க வேண்டுமா? கனடாவில், ஸ்காபுறோவில் இருக்கும் பெரியம்மாவின் மகள், இதே படிப்போடு அங்கேயும் வேலை செய்யலாம் என்கிறார். உண்மையா?"

நல்ல கேள்வி தங்கச்சி. அறைக்கு முற்பணம் கொடுக்க முன் கேட்டீர்களே, அது எனக்கு நிம்மதி.

நம் நாட்டில் உளவளத்துணையாளராக வேலை செய்வதற்கென்று சட்டப்படி ஓர் உரிமம் இல்லை. நீங்கள் நாளைக்கே பலகை போட்டாலும் யாரும் வந்து கழற்றச் சொல்லப் போவதில்லை. ஆனால் இதைக் கேட்டு "அப்போ சரிதான்" என்று அறைச் சாவியை வாங்கிவிடாதீர்கள்.

முதலில் பெயர்களைப் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் நம் ஆட்கள் எல்லாரையும் "டொக்டர்" என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறார்கள். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, உள்ளகப் பயிற்சி முடித்து, இலங்கை மருத்துவ சபையில் பதிந்த வைத்தியர். அதற்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எம்.டி. செய்து விசேட நிபுணராகிறார். மருந்து எழுதுவது வைத்தியரின் வேலை. அடுத்தவர் சிகிச்சை உளவியலாளர். உளவியலில் பட்டம் எடுத்து, அதன்மேல் எம்.பில். செய்து, வைத்தியசாலையில் பயிற்சி எடுத்தவர். இவரும் மருத்துவ சபையில் பதியலாம். 1927ஆம் ஆண்டு மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது.

மூன்றாவதாக, உங்களைப் போன்ற உளவளத்துணையாளர்கள். நமக்கு அப்படியொரு சட்டபூர்வப் பதிவேடு இல்லை. தொழில்சார் சங்கங்கள் இருக்கின்றன, கட்டாயம் சேருங்கள். அங்கே ஒழுக்கக்கோவை உண்டு, மூத்தவர்களோடு பழக்கம் கிடைக்கும். ஆனால் சங்க உறுப்புரிமை வேறு, உரிமம் வேறு. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தத் தாளைப் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பலசரக்குக் கடைக்கும் அதே தாள்தான். வருகிறவர்கள் அதை லைசன்ஸ் என்று நம்பிவிடுவார்கள், அது சரியில்லை.

இப்போது நான் உங்களிடம் கேட்கிறேன். அந்த ஒரு வருடத்தில் உண்மையான ஆட்களோடு எத்தனை மணித்தியாலம் தனியே இருந்து கதைத்தீர்கள்? கதைத்ததை வாரம்தோறும் யாரிடம் கொண்டுபோய் வைத்து, "இங்கே நான் பிழை விட்டேனா?" என்று கேட்டீர்கள்? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்கு உங்கள் சான்றிதழை விட அதுதான் முக்கியம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா தன் மகனை என்னிடம் கூட்டி வந்தார். உயர்தரம் எழுதிய பிள்ளை. இரவில் தூக்கமில்லை, பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே கதைக்கிறார்கள் என்று சன்னலைத் திறக்கவே விடுவதில்லை. அதற்கு முன் ஏழு மாதமாக ஒருவரிடம் போயிருக்கிறார்கள். அவர் நல்ல மனுஷர், அன்பாகத்தான் கதைத்திருக்கிறார். பரீட்சைப் பயம் என்று நினைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது மனநல மருத்துவரும் மருந்தும். அந்த ஏழு மாதத்தைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. அவருக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர் இருந்திருந்தால் இரண்டாவது கிழமையே அனுப்பி வைத்திருப்பார்.

ஸ்காபுறோ விஷயம் சுருக்கமாக. ஸ்காபுறோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் உளச்சிகிச்சை (சைக்கோதெரபி) சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட வேலை. 2007இல் சட்டம் வந்தது, 2015இல் உளச்சிகிச்சையாளர்களுக்கான ஒழுங்குமுறைக் கல்லூரி முழுதாக நடைமுறைக்கு வந்தது. கல்லூரி என்றால் படிக்கிற இடம் இல்லை, பதிவு செய்கிற சபை. அந்தச் சபையோ, வைத்தியர், தாதியர், உளவியலாளர், சமூகப் பணியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆகியோருக்கான சபைகளில் ஒன்றோ உங்களைப் பதிந்திருந்தால்தான் அந்தச் சிகிச்சையைச் செய்யலாம். முழுப் பதிவுக்கு 450 மணித்தியாலம் ஆட்களோடு நேரடியாக வேலை செய்திருக்க வேண்டும், 100 மணித்தியாலம் மேற்பார்வை பெற்றிருக்க வேண்டும், பரீட்சையும் உண்டு. மேற்பார்வை இல்லாமல் தனியே செய்வதற்கு 1000 மணித்தியால நேரடி வேலையும் 150 மணித்தியால மேற்பார்வையும் வேண்டும். இவ்வளவுக்கும் முன், உங்கள் படிப்பை அவர்கள் ஏற்க வேண்டும். ஒரு வருட டிப்ளோமாவை மட்டும் நம்பி டிக்கெட் போடாதீர்கள் தங்கச்சி. இந்தியாவிலும் சிகிச்சை உளவியலாளருக்குப் பதிவு கட்டாயம். 1992ஆம் ஆண்டு புனர்வாழ்வுச் சபைச் சட்டப்படி, பதியாமல் செய்தால் ஒரு வருடம் வரை சிறைகூட உண்டு.

அந்தக் கனடாக் கணக்கை நீங்கள் இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக 100 மணித்தியால மேற்பார்வை நமக்குத் தேவையில்லாமல் போகாது. ஒரு கொப்பியில் திகதி, மணித்தியாலம், மேற்பார்வையாளரின் கையொப்பம் என்று இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள். பிறகு எம்.ஏ. செய்யப் போனாலும், வெளிநாட்டில் விண்ணப்பித்தாலும் அந்தக் கொப்பியைத்தான் தேடுவீர்கள்.

பலகையில் உங்கள் பெயர், "உளவளத்துணையாளர்", படித்த டிப்ளோமா, அவ்வளவு போதும். "உளவியலாளர்", "சிகிச்சை நிபுணர்" என்று போடாதீர்கள். மருந்து குடிக்கிறவர் வந்தால் நிறுத்து என்றோ குறை என்றோ ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம், வைத்தியரிடமே கேட்கச் சொல்லுங்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் 1926ஐ எழுதி வையுங்கள், அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். பிள்ளைகள் பற்றிய விஷயமென்றால் 1929.

நான் உங்களை வரவேண்டாம் என்று தடுக்கவில்லை. கொழும்பில் தன் துயரத்தைத் தமிழிலேயே சொல்லி அழ ஓர் இடம் கிடைக்காமல் அலைகிறவர்களை நான் ஒவ்வொரு கிழமையும் பார்க்கிறேன். நீங்கள் வேண்டும். அறைக்காரரிடம் மூன்று மாத அவகாசம் கேளுங்கள். அதற்குள் ஒரு நிறுவனத்தில், மேற்பார்வை இருக்கிற இடமாகப் பார்த்து, கிழமைக்கு இரண்டு நாள் போய் உட்காருங்கள். தமிழில் மேற்பார்வை செய்கிறவர் கிடைக்கவில்லை என்றால் திரும்ப எனக்கு எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம்.

சரி, அடுத்த கேள்வி மட்டக்களப்பில் இருந்து.