கணவர் வேட்பாளர், மனைவி அரசு டாக்டர்: வேலையை விடணுமா?

ஒரு டாக்டரம்மா கேட்டிருக்காங்க: "நான் அரசு மருத்துவமனையில வேலை பாக்குறேன். வீட்டுக்காரர் சட்டமன்றத் தேர்தல்ல நிக்கிறார். நான் வேலைய விடணுமா? அவரோட ஓட்டுக் கேக்கப் போகலாமா?"

வேலைய விட வேண்டாம்மா. மனைவி அரசு வேலையில இருக்காங்கங்கறதுக்காக வேட்புமனு தள்ளுபடி ஆகாது. ஆனா ஓட்டுக் கேக்கப் போகாதீங்க. லீவு போட்டுட்டுப் போனாலும் தப்புதான், லீவுல இருக்கறப்பவும் அரசு ஊழியர் நடத்தை விதி உங்களக் கட்டும். அவரோட வேட்புமனுவுல முன்மொழிஞ்சு கையெழுத்துப் போடாதீங்க. பூத் ஏஜென்ட்டாவோ கவுண்டிங் ஏஜென்ட்டாவோ உக்காந்தா, 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134ஏ பிரிவுல 3 மாசம் வரைக்கும் சிறை, இல்ல அபராதம், இல்ல ரெண்டுமே. கெசட்டட் அதிகாரியோட (அரசிதழ்ல பேர் வர்ற நிலையில இருக்கற அரசு அதிகாரி) உதவிய உங்க வீட்டுக்காரர் வாங்கினார்னு அதே சட்டம் 123(7)-ல தேர்தல் வழக்கு போட்டு நிரூபிச்சுட்டா, அவர் ஜெயிச்சதும் செல்லாமப் போயிடும்.

நிறைய பேர் மாட்டுறது தேர்தல் சின்னத்துலதான். உங்க உடம்புல, வண்டியில, குடியிருக்கற வீட்டுல சின்னம் இருந்தாலே செல்வாக்கப் பயன்படுத்தினதாத்தான் எடுத்துக்குவாங்க. கார் உங்க பேர்ல இருந்தா பிரச்சாரத்துக்குக் குடுக்காதீங்க. குவார்ட்டர்ஸ்ல இருந்தா கட்சிக்காரங்க கூட்டத்த அங்க வைக்கவே வேண்டாம்.

இத விட எனக்குக் கவலையா இருக்கறது கேஷுவால்ட்டிதான், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவு. தேர்தல் நேரத்துல அடிதடி கேஸ் வரும், ரெண்டு கட்சி ஆளுங்களும் வருவாங்க. சிகிச்சைய யாருக்கும் மறுக்கக் கூடாது, தாமதமும் கூடாது. ஆனா ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர (அடிபட்டு வர்றவங்க காயத்தப் பதிவு பண்ற ஏடு) இன்னொரு டூட்டி டாக்டர எழுதச் சொல்லுங்க. ஆள் இல்ல, நீங்கதான் எழுதணும்னா, வந்த நேரம், கூட்டிட்டு வந்தவர், ரெண்டு அங்க அடையாளம், எத்தன பேர் எதால அடிச்சாங்கன்னு காயம்பட்டவர் சொன்னது, ஒவ்வொரு காயத்தோட நீள அகலம், எல்லாத்தையும் அப்பவே எழுதிடுங்க. சாதாரணக் காயமா, கொடுங்காயமா (எலும்பு முறிவு மாதிரி பெரிய காயம்) அப்படிங்கற கருத்த மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணி அங்க வாங்கிக்கச் சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் வழக்கோட பிரிவே மாறுது. வேட்பாளரோட மனைவி எழுதினதுன்னா எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில அதத்தான் முதல்ல பிடிப்பார்.

அடுத்து படிவம் 26, உங்க வீட்டுக்காரர் வேட்புமனுவோட தாக்கல் பண்ற பிரமாணப் பத்திரம். அதுல உங்க பான் எண், கடைசி 5 வருஷ வருமான வரி ரிட்டர்ன்ல காட்டின வருமானம், நகை, நிலம், வங்கி இருப்பு, கடன் எல்லாம் வரும். சாயங்கால கிளினிக் இருந்தா அந்த வருமானம், ஸ்கேன் மிஷின் வாங்கின கடன், ரெண்டையும் ஆடிட்டர்கிட்ட ரிட்டர்னோட ஒத்துப் பாருங்க. ஒண்ணும் இல்லாத கட்டத்துல 'இல்லை'ன்னு எழுதணும். காலியா விட்டு, தேர்தல் அதிகாரி சொல்லியும் நிரப்பலன்னா மனுவே போயிடும், 2013-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது இது. தெரிஞ்சே மறைச்சா அதே 1951 சட்டத்தோட 125ஏ-ல 6 மாசம் வரைக்கும் சிறை.

இன்னொண்ணு, உங்க நோயாளிங்க போன் நம்பர் கட்சிக்காரங்க கைக்குப் போகக் கூடாது. சிகிச்சைக்காக நம்பிக் குடுத்த நம்பர் அது. உங்க வீட்டுக்காரரே கேட்டாலும் குடுக்காதீங்க.