லீஸ் பணம் கடன்தான்: தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வீட்டுக் கணக்கு

வணக்கம் மக்களே. எங்கள் தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் நின்று பேசுகிறேன், காற்றுச் சத்தம் கொஞ்சம் இருக்கும். கீழே முன்பக்கம் நாங்கள் இருக்கிறோம். பின்கட்டில் ஒரு குடித்தனம், மாடிப் போர்ஷனில் ஒரு குடித்தனம். மாடியில் லீஸுக்கு இருந்த குடும்பம் போன வாரம் காலி செய்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு 6 லட்சம் ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். அந்தப் பணத்தைப் புரட்ட நாங்கள் பட்ட பாட்டைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

வட சென்னைக்காரர்களுக்கு லீஸ் தெரியும். தெரியாதவர்களுக்கு: வீட்டுக்காரர் ஒரு பெரிய தொகையை மொத்தமாக வாங்கிக்கொள்வார், குடிவருபவர் இரண்டு மூன்று வருஷம் வாடகை இல்லாமல் இருப்பார், காலி செய்யும் நாளில் மொத்தப் பணமும் அவர் கைக்குத் திரும்ப வேண்டும். சில ஊர்களில் போக்கியம் என்பார்கள்.

எங்களுக்கு வந்த 6 லட்சத்தில் பாதி தங்கை கல்யாணத்துக்குப் போனது. மீதி, ஒழுகிக்கொண்டிருந்த தளத்தைப் பூசவும் மாடிப்படியைச் சரிசெய்யவும். ஆறே மாதத்தில் பாஸ்புக்கில் எதுவும் இல்லை. அம்மா வீணாகச் செலவு செய்தார் என்று சொல்ல மாட்டேன், எல்லாம் தேவையான செலவு. அடுத்து வருபவர் கொடுக்கும் லீஸ் பணத்தை வாங்கி இவருக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தோம். எங்கள் தெருவில் பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது.

ஆனால் அடுத்தவர் வரவில்லை. நான்கு மாதம் டூ-லெட் போர்டு தொங்கியது. வந்து பார்த்தவர்கள் எல்லாம் வாடகைக்குத்தான் கேட்டார்கள். மாடியில் இருந்தவரோ மாதவரம் பக்கம் ஒரு வீடு வாங்கி, பத்திரப் பதிவுக்கு நாள் குறித்துவிட்டார். கடைசியில் அம்மாவின் ஆரமும் என் வளையல்களும் வங்கிக்குப் போயின. அந்த மனிதர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "உங்களால முடியும்மா, பார்த்துச் செய்யுங்க" என்றார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அது அவர் வருஷக்கணக்கில் சேர்த்த பணம்.

அப்புறம் நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். தயவுசெய்து நீங்களும் போடுங்கள். மாடிப் போர்ஷனுக்கு இன்றைய வாடகை 9,000. வருஷத்துக்கு 1,08,000. 6 லட்சத்தை வாங்கிக்கொண்டு இந்த வாடகையை விட்டுக்கொடுத்திருக்கிறோம். அதாவது, நூற்றுக்குப் பதினெட்டு வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறோம்! வங்கியில் நகை வைத்தாலே இதைவிடக் குறைந்த வட்டிதான். மூன்று வருஷமாக, வட்டியே இல்லாத பணம் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அதனால் மாடியை இனி வாடகைக்குத்தான் விடுகிறோம். அட்வான்ஸ் 27,000, மூன்று மாத வாடகை. சென்னையில் பத்து மாதம் கேட்டுப் பழகியவர்கள் உண்டு. ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாதத்தைத்தான் அளவாக வைத்திருக்கிறது. அந்த 27,000 தனி டெபாசிட்டில் இருக்கும். அதையும் அவர்கள் பணமாகத்தான் எண்ணுகிறேன்.

சரி, பின்கட்டுக்கு வருவோம். அங்கே இருக்கும் அண்ணன் காசிமேட்டில் விசைப்படகில் வேலை செய்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையிலேயே நிற்கும். அந்த இரண்டு மாதமும் வாடகைக்காகக் கதவைத் தட்டி என்ன பயன்? அவர் வாடகை 6,000. ஏப்ரல் பாதியிலிருந்து இரண்டு மாத வாடகையில் பாதி மட்டும் வாங்கிக்கொள்கிறேன். நின்றுபோகும் 6,000-ஐ ஜூலையிலிருந்து மாதம் 1,500 வீதம் நான்கு தவணையில் கொடுத்துவிடுவார். நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். நான்கு வருஷத்தில் ஒரு தவணைகூட அவர் தவறியதில்லை.

எனக்கும் ஏப்ரல் இறுக்கமான மாதம்தான். அரையாண்டுச் சொத்து வரியை ஏப்ரல் 30-க்குள் கட்டினால் மாநகராட்சி 5 சதவீதம் ஊக்கத்தொகை தருகிறது, அதை விட மனசு வராது. எனவே வருகிற ஒவ்வொரு வாடகையிலும் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சம்ப்பில் சாக்கடைத் தண்ணீர் கலந்து மோட்டார் எரிந்துபோனபோது இந்தப் பணம்தான் கைகொடுத்தது.

வாடகை பாக்கி வைத்தால் கரண்டைப் பிடுங்கிவிடு, தண்ணீரை நிறுத்து என்று சொந்தக்காரர்கள் எனக்கும் யோசனை சொல்லியிருக்கிறார்கள். செய்யாதீர்கள். சட்டமே அதைத் தடை செய்திருக்கிறது. அதோடு, அந்த வீட்டுப் பிள்ளை இருட்டில் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்துக்கொண்டு நம்மால் கீழே சாப்பிட முடியுமா? முன்பு ஒருவர் இரண்டு மாதம் பாக்கி வைத்தபோது எழுத்தில் கேட்டேன், தேதி கொடுத்தேன். அவரால் முடியவில்லை. அட்வான்ஸில் கழித்துக்கொண்டு, மீதியை எண்ணிக் கொடுத்தேன். அவரும் வருத்தமில்லாமல் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் புதுக் குடும்பம் வருகிறது. சாமான் இறங்குவதற்கு முன்னால் குழாய், ஃபேன், சுவர், சப்-மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் அவர்களையும் கூட வைத்துக்கொண்டு போனில் படம் பிடிக்கப் போகிறேன். ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அதை நானே ஆன்லைனில் செய்து அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். லீஸிலிருந்து வாடகைக்கு மாறிய வீட்டுக்காரர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தை எப்படிச் சேர்த்தீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று வீட்டுக்காரர்களுக்கு அது தேவைப்படுகிறது.