நுரைக்கு எந்தத் துறை?

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியவர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையைத் தமிழுக்கென்று ஒதுக்கி வந்திருக்கும் பெங்களூருத் தமிழ் உறவுகளே, வணக்கம்.

கல்லூரியில் சுற்றுச்சூழலைத் தனித்துறையாகப் படிப்பதா, பல துறையினரும் கூடிப் படிப்பதா என்பது இன்றைய வழக்கு. எதிரணித் தலைவர் ஐயா, "எல்லாவற்றையும் தொட்டால் நுனிப்புல் மேய்ச்சல்தான், ஏரியைக் காக்க வேதியியல் தெரிந்தவர் போதும்" என்றார். ஐயா, நான் வேதியியல் மாணவிதான். போதாது என்பதை எனக்குக் கற்பித்தது நம் பெங்களூரின் பெள்ளந்தூர் ஏரிக்கரை.

அந்த ஏரியின் நுரை சாலைக்குப் பறந்து வந்ததை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். 2018 ஜனவரியில் ஏரி தீப்பற்றியபோது ராணுவ வீரர்கள் வந்து அணைக்க வேண்டியிருந்தது. நுரைக்கு என் பாடம் விடை சொல்லும். வீட்டுச் சாக்கடையில் சோப்புத்தூள் வருகிறது; அதிலுள்ள பாஸ்பரஸ் ஏரிச் சேற்றில் படிகிறது; ஆகாயத்தாமரை அதை உண்டு பெருகுகிறது. சோப்பு கலந்த நீர் மதகில் விழும்போது காற்றோடு கலந்து நுரைக்கிறது. இதைத் தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண்.

நீர் மாதிரி எடுக்கப் போன அன்று, கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். இந்தப் புல்லைத் தின்னும் மாட்டின் பாலைப் பேரக்குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கன்னடத்தில் கேட்டார். நான் விழித்தேன். சேற்றிலுள்ள உலோகம் புல்லில் ஏறுமா என்று தாவரவியல் சொல்ல வேண்டும். புல்லிலிருந்து பாலுக்கு வருமா என்று கால்நடை மருத்துவம் சொல்ல வேண்டும். சரி, கொடுக்காதீர்கள் என்றே சொல்கிறேன். விலைக்குத் தீவனம் வாங்க அவரிடம் பணம் ஏது? ஏரியைக் காக்கிறோம் என்று வேலி போட்டால் அவர் எங்கே போவார்? ஒரே ஒரு கேள்வி, நடுவர் அவர்களே. அதற்குள் நான்கு துறை இருந்தது. என் கையில் இருந்ததோ ஒரு பாட்டில்.

பெங்களூரு ஏரிகளைச் சுற்றிக் கட்டடம் கட்டாமல் 75 மீட்டர் இடம் விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் உத்தரவிட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. ஏன் நீக்கியது என்பதை எந்த ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது? பெள்ளந்தூர்த் தண்ணீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அங்கேயும் நுரை. அந்த அணைத் தண்ணீரில் பயிர் செய்கிறவர் என் தாய்மாமா. நம் வீட்டுத் துணி துவைத்த தண்ணீர் மாநில எல்லை தாண்டி அவர் வயலுக்குள் நுழைகிறது.

எதிரணியினர் கேட்கலாம்: சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லி, பின்னர் பல்கலைக்கழக மானியக்குழு எல்லா இளநிலை மாணவர்க்கும் ஆறு மாதப் பாடமாக வைத்ததே, என்ன கிழித்தது? நியாயமான கேள்வி. நானும் அந்தத் தாளைக் கையேட்டை மனப்பாடம் செய்துதான் எழுதினேன். ஆனால் அங்கே கூடியது யார்? வணிகவியல் வகுப்பும் இயற்பியல் வகுப்பும் அவரவர் அறையில் ஒரே கையேட்டைப் புரட்டின, அவ்வளவுதான். ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. கூடிப் படிக்காத ஒன்றைக் காட்டி, கூடிப் படிப்பது தோற்றது என்று தீர்ப்பு எழுத முடியுமா?

ஆழம் வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. நான் பாஸ்பரஸை இன்னும் ஆழமாகப் படிக்கத்தான் போகிறேன். ஆனால் எதை அளப்பது என்பதை அந்த அம்மாவின் கேள்வி மாற்றிவிட்டது. அன்றுவரை நீரை மட்டும் சோதித்த நான் இப்போது புல்லையும் சோதிக்கிறேன். என்னோடு வந்த வணிகவியல் தோழி, அந்த அம்மா ஒரு நாளில் அறுக்கும் புல்லின் எடையைக் கேட்டுத் தீவன விலையோடு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். சட்டம் படிக்கும் ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். பால் பற்றிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிப்பவர் யாராவது இந்த அரங்கில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகில் வாருங்கள், காத்திருக்கிறேன். வணக்கம்.