வேடியப்பன் முன்னால் ஒரு கேமரா

(டிசம்பர் கடைசி ஞாயிறு மாலை, தருமபுரியில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஊத்தங்கரையிலிருந்து பேருந்து மாறி வந்து மேடையில் அமர்ந்திருக்கும் கூத்து வாத்தியார் அவர்களே, கல்லூரித் தமிழ்த்துறைப் பேராசிரியர் அம்மா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்திருக்கும் அண்ணன் அவர்களே, மார்கழிக் குளிரில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வாத்தியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ஆரம்பித்தால் எனக்கு மனசு ஒப்பாது. பதினெட்டு நாள் பாரதக் கூத்தில் துரியோதனன் கட்டி, படுகளத்தன்று வெயிலில் மண் உருவத்தின் மேல் ஏறி நின்று அவர் பாடுவதைச் சின்ன வயசில் பார்த்தவன் நான். பத்தாயிரம் பேரை ஒரு குரலால் பிடித்து வைப்பது எப்படி என்று முதலில் அவரிடம்தான் பார்த்தேன். ஐயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் தினமும் கரும்பலகையின் வலது ஓரத்தில் ஒரே பழமொழியை எழுதிப் போடுவார். 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்.' ஆண்டு முழுக்க அழிக்காமல் வைத்திருந்தார். படம் எடுக்க வேண்டும் என்று நான் கிளம்பியபோது கையில் இருந்த முதலீடு அந்தப் பழமொழி மட்டும்தான்.

இன்றைக்கு மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இந்த ஆண்டு சுற்றிய ஊர்கள், சினிமாவைப் பற்றிக் கற்றுக்கொண்டது, அடுத்த ஆண்டு எடுக்க நினைக்கிற படம். நடுவில் நம் ஊர் நடுகற்களைப் பற்றி, அதாவது செத்த வீரர்களுக்கு நட்ட கற்களைப் பற்றி, உங்களிடம் ஒன்று கேட்கவும் வேண்டும்.

என் பிழைப்பு கல்யாண வீடியோ என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இங்கே இருக்கிற சில பேர் வீட்டு முகூர்த்தத்துக்கு நான்தான் எடுத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் ஆடியும் மார்கழியும் வேலை இல்லாத மாதங்கள். அந்த மாதங்கள்தான் எனக்குப் பயண மாதங்கள். வண்டியில் கேமராவையும் முக்காலியையும் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

சேலம் போனேன். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1935இல் ஆரம்பித்த ஸ்டுடியோ அது. நூறு படங்களுக்கு மேல் அங்கிருந்து வந்தன. மலையாளத்தின் முதல் பேசும்படத்தை 1938இல் எடுத்ததும் அவர்கள்தான். அன்றைக்கு நம் தருமபுரி சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. 1965 அக்டோபர் 2ஆம் தேதிதான் நாம் தனி மாவட்டம் ஆனோம், 2025ஓடு அறுபது ஆண்டு. கிருஷ்ணகிரி நம்மிடமிருந்து பிரிந்தது 2004இல். ஆக, அந்த வளைவுக்குள் நடந்ததெல்லாம் ஒரு காலத்தில் நம் மாவட்டத்துச் செய்தி. சினிமா என்றால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற தம்பிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மயிலாடும்பாறைக்குப் போனேன். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாலாயிரம் ஆண்டுக்கு முன்னால் இரும்பு உருக்கத் தெரிந்த ஜனங்கள் நடந்த பாறை அது. மல்லச்சந்திரத்தில் குன்றின் மேல் கற்திட்டைகள், பலகைக் கல்லை நிறுத்தி மூடிய பழங்கால ஈமச் சின்னங்கள், வீடு வீடாக நிற்கின்றன. அங்கே காற்று மைக்கைப் பிய்த்து எடுத்துவிடும். ஒகேனக்கல்லும் போனேன், ஆனால் ஒகேனக்கல்லை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். அரூர் வழியாகச் செங்கம் பக்கம் எடுத்தனூர் வரை போனேன். அங்கே கிடைத்த நடுகல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயர் போட்டு நன்றி எழுதி வைத்த ஜனங்கள் நம்மவர்கள். எடுத்தனூரிலிருந்து திரும்பியதிலிருந்து எனக்கு வேறு எந்தக் கதையும் ஓடவில்லை.

இந்த இடத்தில் ஒரு சம்பவம் சொல்லியாக வேண்டும். அரூருக்கும் ஊத்தங்கரைக்கும் நடுவில் ஒரு ஊர். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், கல் பத்திரமாக இருக்க வேண்டும். ஆடி மாதம், உச்சி வெயில். முகம் கழுவலாம் என்று ஒரு பம்ப்செட் தொட்டிப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். மூன்று அக்காமார்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள், நல்ல அகலமான கல். தொட்டி மேல் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. என் கழுத்தில் கேமராவைப் பார்த்ததும், "அண்ணா, எதை எடுக்க வந்திருக்கீங்க?" என்று கேட்டது. "சாமி கல் இருந்தா எடுப்பேன்" என்றேன். "இந்தக் கல்லுக்கு அடியில ஒரு மாமா இருக்காரு" என்றது.

அக்காமார்கள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. கல்லின் ஒரு மூலை மண்ணை விட்டுத் தூக்கி நின்றது. கையை உள்ளே விட்டுத் தடவினேன். ஒரு கால். கணுக்கால், அதில் ஒரு வளையம். எழுந்து நின்று, "அக்கா, இதைத் திருப்பிப் பார்க்கணும்" என்றேன். துவைத்துக்கொண்டிருந்த அக்கா கையில் இருந்த துணியை விடவே இல்லை. "திருப்பிட்டா நாங்க எங்க துவைக்கிறது? உங்க வீட்டுக்கா வர்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குள் ஊரில் செய்தி பரவி, ஆள் சேர்ந்துவிட்டது. ஒருத்தர் திருப்பலாம் என்கிறார், ஒருத்தர் திருப்பினால் மழை வராது என்கிறார், இன்னொருத்தர் ஏற்கெனவே மழை வரவில்லையே, திருப்பித்தான் பார்ப்போமே என்கிறார். கடைசியில் தொட்டிக்காரப் பாட்டி தீர்ப்புச் சொன்னார். "புதுக் கல்லு ஒண்ணு கொண்டாந்து போடு. அப்புறம் இதைத் திருப்பு."

நம் பக்கத்தில் கிரானைட்டுக்கா பஞ்சம்? குவாரிப் பக்கம் போய்க் கேட்டால், அறுத்துப் போட்ட பக்கக் கல் கிடக்கிறது, எடுத்துப் போ என்றார்கள். டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினோம். பாட்டி புதுக் கல்லில் ஒரு துணியைப் போட்டு நாலு அடி அடித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். அப்புறம்தான் கடப்பாரை உள்ளே போனது. எட்டு ஆள் தம் கட்டித் திருப்பினார்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால், இடது கையில் வில், வலது கையில் குறுவாள், இடுப்பில் கச்சை, கொண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பாட்டி தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "என் கல்யாணச் சேலையையே இவரு முதுகுலதானேப்பா துவைச்சேன்!" கூட்டத்திலிருந்து ஒரு இளைஞன், "சண்டையில அம்பு தாங்கினவரு பாட்டி, உன் சேலையைத் தாங்க மாட்டாரா?" என்றான். பாட்டி அழுதுகொண்டே சிரித்தார். அன்றைக்கே வி.ஏ.ஓ.விடம் தகவல் சொல்லி, கல்லை வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். பாட்டி வீட்டிலிருந்துதான் முதல் பொங்கல்.

அதோடு முடியவில்லை. உச்சி வெயிலில் நான் எடுத்ததில் வீரன் மட்டும்தான் தெரிந்தான். வெயில் சாய்ந்து, வெளிச்சம் கல்லைப் பக்கவாட்டில் தொட்டபோது காலுக்குக் கீழே இரண்டு மாடுகள் எழுந்து வந்தன. மதியம் பூராவும் அங்கேதான் இருந்தன, வெளிச்சம்தான் தலைக்கு மேல் நின்றுகொண்டு அவற்றை மறைத்து வைத்திருந்தது. மாடு மீட்கப் போய்ச் செத்தவன் அவன். ஒளிப்பதிவைப் பற்றி இந்த ஆண்டு கற்றுக்கொண்டதில் பெரிய பாடம் இதுதான். சினிமாவைப் பற்றிக் கற்றுக்கொண்டது என்று இரண்டாவதாகச் சொல்ல வந்ததும் இதுவே. திருவனந்தபுரத்தில் டிசம்பரில் நடக்கும் உலகப் படவிழாவுக்கும் போய் வந்தேன். நல்ல படங்கள் பார்த்தேன். இருந்தாலும் அந்த இரண்டு மாடுகள் சொல்லிக்கொடுத்த அளவுக்கு வேறு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கல்லைத் திருப்பிய மறுவாரம் ஒரு புரொஜெக்டரை வாடகைக்கு எடுத்துப் போய், அந்த ஊர்க் கோயில் சுவரிலேயே எடுத்ததைப் போட்டுக் காட்டினேன். சாமிக்கண்ணு வின்சென்ட் என்று ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்தவர், 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். தென்னிந்தியாவில் சினிமா ஜனங்களைத் தேடிப் போய்த்தான் ஆரம்பித்தது. ஒரு ஊரில் நான் எடுத்ததை முதலில் அந்த ஊர் பார்க்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். படவிழா எல்லாம் பிறகுதான்.

இப்போது நான் உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். நம் இரண்டு மாவட்டத்திலும் நடுகல் இல்லாத பக்கம் இல்லை. வேடியப்பன் என்று நாம் கும்பிடுகிற கல்லில் பாதிக்கு மேல் இப்படிச் செத்த வீரனின் கல்தான் என்பது என் எண்ணம். நம் தகடூர், அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி செத்தபோது, அவனுக்கு நட்ட கல்லுக்கு மயில்பீலி சூட்டிச் சிறிய கலத்தில் கள் வார்ப்பதைப் பார்த்துவிட்டு ஔவையார் கேட்டாரே, நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று. புறநானூற்றில் 232ஆவது பாட்டு. பேராசிரியர் அம்மா இருக்கிறார், நான் சொன்னது சரிதானே அம்மா? நெல்லிக்கனிக் கதையை மேடைக்கு மேடை சொல்கிறோம். அந்த அதியமானே நமக்குக் கடைசியில் ஒரு நடுகல்லாகத்தான் நின்றான் என்பதைச் சொல்வதில்லை.

1970களின் தொடக்கத்தில், இரா.நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில், மாநிலத் தொல்லியல் துறை செங்கம், தருமபுரிப் பக்கங்களில் கால்நடையாகத் திரிந்து கல் கல்லாகப் படித்தது. அந்த வேலையால்தான் கோவிவன் பெயர் நமக்குத் தெரியும். ஆனால் அரசாங்கம் எத்தனை ஊருக்கு வரும்? சாலையை அகலப்படுத்தும்போது ஒரு கல் மண்ணுக்குள் போகிறது. வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது ஒன்று உள்ளே போகிறது. பக்தியிலும் ஆபத்து இருக்கிறது. பெயின்ட் அடிக்கிறார்கள், முகம் தேயத் தேயத் தேய்த்துக் கழுவுகிறார்கள், சுற்றிலும் சிமெண்ட் பூசி எழுத்தை மூடிவிடுகிறார்கள். ஐயா எழுதிப் போட்ட பழமொழியை நான் இரண்டு விதமாகவும் பார்க்கிறேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும். நம் அலட்சியமும் ஊர்ந்துகொண்டேதான் இருக்கிறது, நடுகல்லும் தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது. அதே மாதிரி நாம் நாலு பேர் தினம் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தால் அந்த அலட்சியமும் தேயும்.

கல்லையெல்லாம் தூக்கிக்கொண்டு போய் மியூசியத்தில் வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் அருங்காட்சியகத்தில் வரிசையாக நடுகற்கள் இருக்கின்றன, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஆனால் ஊர் கும்பிடுகிற கல் ஊரிலேயே நிற்க வேண்டும். அந்தப் பாட்டியின் பொங்கல் வாசனை இல்லாத இடத்தில் அந்த வீரனுக்கு என்ன வேலை? படமும் கதையும் மட்டும் நம்மிடம் வந்தால் போதும்.

கல்லூரிப் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. உங்கள் ஊர் வேடியப்பனைக் காலை ஏழு மணி வெயிலில் ஒன்று, சாயங்கால வெயிலில் ஒன்று எடுங்கள். மரத்தடி நிழலில் இருந்தால் இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் பிடித்து எடுங்கள். எழுத்து இருந்தால் தானாக மேலே வரும். சுண்ணாம்பு, சாக்பீஸ், மஞ்சள் எதையும் எழுத்தின் மேல் பூசாதீர்கள். அடியில் என்ன இருக்கிறது என்று நீங்களாகத் தோண்டவும் வேண்டாம், வி.ஏ.ஓ.வுக்குச் சொல்லுங்கள். அப்புறம், அந்தக் கல்லுக்கு யார் பொங்கல் வைக்கிறார்களோ அவரை உட்கார வைத்துக் கதை கேளுங்கள். தெலுங்கில் சொன்னால் தெலுங்கில், கன்னடத்தில் சொன்னால் கன்னடத்தில், அப்படியே பதிவு செய்யுங்கள். ஓசூர், தளி, அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது குறிப்பாகச் சொல்வது. அங்கே மூன்று அடுக்கு நடுகற்கள் இருக்கின்றன. கீழே சண்டை, நடுவில் தேவமாதர் வீரனைத் தூக்கிப் போவது, மேலே சிவலிங்கத்துக்குப் பக்கத்தில் அவன். மூன்றே ஷாட்டில் முழுக் கதை. சினிமா வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் நம் கல்தச்சன் எடிட்டிங் செய்து வைத்திருக்கிறான்.

மூன்றாவதாக அடுத்த படம். நம் பாப்பாரப்பட்டியில் 1925இல் கண்ணை மூடிய சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவைப் பற்றி, நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற விடாதபோது நடந்தே ஊர் ஊராகப் போன அந்த மனிதரைப் பற்றி எடுக்க ஆசை. நூற்றாண்டு ஆகிவிட்டது. திரைக்கதை பாதியில் இருக்கிறது. அதை விரிவாகப் பேச இன்னொரு நாள் வேண்டும், ஐயா மணியைப் பார்க்கிறார்.

பொங்கல் முடிந்த முதல் ஞாயிறு, அரூர்ப் பக்கத்து ஊர்களில் இருந்து ஆரம்பிக்கிறோம். காலை ஆறரைக்கு அரூர் பேருந்து நிலையத்தில் நிற்பேன், வெயில் ஏறுவதற்கு முன்னால் முதல் கல்லுக்குப் போயாக வேண்டும். வாத்தியாரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வர முடிகிறவர்கள் வாசலில் இருக்கிற நோட்டில் ஊர்ப் பெயரையும், உங்கள் ஊரில் எந்த இடத்தில் கல் இருக்கிறது என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். வர முடியாதவர்களும் கல் இருக்கிற இடத்தை மட்டுமாவது எழுதுங்கள். எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.